நெடுவழிப் பயணமும் நால்வகை நிலையும்



பல்லாவரத்திற்கும் குரோம்பேட்டைக்கும் மேற்கே, சமவெளியில் தனித்து எழுந்து நிற்கும் சிறு குன்று திருநீர்மலை. 2021-ஆம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாகிவிட்ட இவ்வூர், முன்னாளில் ஏரியும் கழனியும் சூழ்ந்த சிற்றூராக இருந்தது. குன்றின்மேல் நின்று நோக்கினால் சென்னைப் புறவழிச் சாலை கண்ணுக்குத் தெரியும். பெருங்களத்தூரில் தொடங்கிப் புழல் வரை செல்லும் அந்தச் சாலை, திருச்சி, பெங்களூர், திருவள்ளூர், கல்கத்தா ஆகிய திசைகளுக்குப் பிரியும் நெடுஞ்சாலைகளை ஒன்றோடொன்று இணைக்கிறது. ஆகவே, இந்தியாவின் எந்த மூலைக்குச் செல்வதாயினும், எங்கள் மலையடிவாரத்திலிருந்தே வண்டியைக் கிளப்பிவிடலாம்.

இத்தலத்திற்கு ஒரு சிறப்பு உண்டு. மலையடியில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலத்திலும், மலைமேல் நரசிங்கர் இருந்த கோலத்திலும், அரங்கநாதர் கிடந்த கோலத்திலும், உலகளந்தவர் நடந்த கோலத்திலும் காட்சி தருகின்றனர். ஊர்ப் பெயரைப் பற்றியும் ஒரு வரலாறு வழங்கி வருகிறது. திருமங்கையாழ்வார் இங்கு வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததாம். நீர் வடியும் வரை அவர் ஆறு மாத காலம் எதிரிலேயே காத்திருந்து வழிபட்டாராம். அந்த ஆழ்வார் பயணத்திற்குப் புதியவர் அல்லர். ஆடல்மா என்னும் குதிரையேறி ஊர் ஊராகச் சென்றவர். இமயத்துப் பதரியைப் பாடியவர். அப்படிப்பட்டவர் ஒரு சிறு வெள்ளத்தின் முன் ஆறு மாதம் அமர்ந்திருந்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். காத்திருக்கத் தெரிந்தவரே நெடுவழி செல்ல வல்லவர் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வெண்ணம் எனக்கு வரக் காரணமாக இருந்தவன் என் தங்கை மகன். சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு மாலை என்னிடம் வந்தான். கையில் தேசப்படம் இருந்தது. "மாமா, இருபது நாள் விடுப்புக் கிடைத்திருக்கிறது. மோட்டார் சைக்கிளில் லே நகரம் வரை சென்று திரும்பப் போகிறேன். அடுத்த வாரம் புறப்பாடு" என்றான். அவன் சென்ற பிறகு என் தங்கை வந்தாள். "அண்ணா, நீங்கள் சொன்னால் கேட்பான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்று கண் கலங்கினாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் அவனை அழைத்துக்கொண்டு மலைமேல் ஏறினேன். நான்கு கோலங்களையும் காட்டி, "தம்பி, நடக்கும் நிலை ஒன்றை மட்டுமே நீ எண்ணியிருக்கிறாய். இருத்தலும் நிற்றலும் கிடத்தலும் உன் திட்டத்தில் எங்கே?" என்று கேட்டேன். அன்று அவனிடம் கூறியவற்றையே இன்று உங்களிடமும் கூறுகிறேன்.

முதலாவது இருத்தல். புறப்படுமுன் வீட்டில் அமர்ந்து கணக்கிடுவதே அது.

நம் நாடு ஒரே காலத்தில் பல பருவங்களை உடையது. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் நாளை ஒட்டிக் கேரளத்தில் தொடங்கி, ஜூலை இரண்டாம் வாரத்திற்குள் நாடு முழுவதும் பரவிவிடுகிறது. செப்டம்பர் நடுவில் இராஜஸ்தானத்திலிருந்து பின்வாங்கத் தொடங்குகிறது. அக்டோபர் மூன்றாம் வாரத்தில் நமக்கு வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. மே மாதத்தில் நாகபுரி வட்டாரத்து வெயில் 45 பாகையைத் தொடும். மணாலியிலிருந்து லே செல்லும் மலைப்பாதையோ பனி விலகும் கோடையில் திறந்து, அக்டோபர் வரையில்தான் போக்குவரத்திற்கு ஏற்றதாக இருக்கும். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், சென்னையிலிருந்து புறப்படுவோர்க்குச் செப்டம்பர் முதல் வாரமே பொருந்துவது புலனாகும். அப்போது நடு இந்தியாவில் மழை தணியத் தொடங்கும், மலைப்பாதை திறந்திருக்கும், நம் ஊரில் மழை தொடங்குமுன் திரும்பிவிடலாம்.

உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றையும் அமர்ந்திருக்கும் காலத்திலேயே சரிபார்க்க வேண்டும். வடகிழக்கு நோக்கிச் செல்வோர் அருணாசலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் ஆகிய மாநிலங்களுக்கு உள்நுழைவு அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். 1873-ஆம் ஆண்டில் வெள்ளையர் ஆட்சி இயற்றிய ஒழுங்குமுறைச் சட்டத்திலிருந்து வந்த வழக்கம் அது.

இரண்டாவது நடத்தல். நாளொன்றுக்கு எவ்வளவு தொலைவு செல்வது என்பதே இதன் உயிர்நாடி.

சென்னையிலிருந்து ஐதராபாத், நாகபுரி, ஜான்சி, ஆக்ரா வழியாகத் தில்லி ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். சமவெளியில் நாளொன்றுக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. அவ்வாறாயின் தில்லிக்கு 7 நாள். அங்கிருந்து ஸ்ரீநகர் 3 நாள். ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாக லே 2 நாள். திரும்பும்போது லேயிலிருந்து மணாலி 3 நாள், தில்லி 2 நாள், சென்னை 7 நாள். ஆக வண்டி ஓடும் நாள் 24. போகும்போது 4 நாளும் வரும்போது 2 நாளும் ஓய்வு. மழைக்கும் மண்சரிவுக்கும் வண்டிப் பழுதுக்கும் 3 நாள் சேமிப்பு. கூட்டினால் 33 நாள். இருபது நாள் விடுப்பில் இது அடங்காது என்பதை என் மருமகன் தன் கையாலேயே கூட்டிக் கண்டான்.

இராபர்ட் பல்ட்டன் என்னும் அமெரிக்க இளைஞர், 1932-ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு விருந்தின்போது, மோட்டார் சைக்கிளிலேயே உலகைச் சுற்றப் போவதாகச் சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை அவர் காத்தார். டக்ளஸ் வண்டியொன்றில் புறப்பட்டு, நம் நாட்டின் வழியாகவும் சென்று, 1933 டிசம்பரில் நியூயார்க்கை அடைந்தார். ஆயினும் அவர் எடுத்துக்கொண்ட காலம் ஒன்றரை ஆண்டிற்குச் சற்றே குறைவு. விருந்தில் சொன்ன சொல்லை வழியில் அவசரமாக மாற்றாததே அவருடைய அறிவுடைமை.

வண்டியைப் பற்றியும் இரண்டொரு சொல். 1955-ஆம் ஆண்டில் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு கூடி, என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தொடங்கிற்று. திருவொற்றியூர் ஆலையில் புல்லட் வண்டிகள் உருவாயின. இங்கிலாந்தில் அந்நிறுவனம் 1970-இல் முடிவுற்ற பின்னும், சென்னையில் அவ்வண்டி தொடர்ந்து பிறந்தது. வண்டி எதுவாயினும், உடன் கொண்டுசெல்ல வேண்டியவை அதிகமில்லை: கிளட்ச் வயர், ஆக்ஸிலரேட்டர் வயர், ஸ்பார்க் பிளக், டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், பியூஸ், செயினுக்கு எண்ணெய், கைக்குரிய ஸ்பானர்கள். பொருளைவிட முக்கியம் பழக்கம். பின்சக்கரத்தைத் தானே கழற்றி மாட்டத் தெரியாதவர், அதை வீட்டு வாசலில் இருமுறையேனும் செய்து பழகிய பின்பே புறப்பட வேண்டும்.

பெட்ரோலுக்கும் கணக்கு உண்டு. மணாலி–லே பாதையில் தாண்டி என்று ஓர் ஊர். அங்குள்ள பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று நெடுங்காலம் ஒரு பலகை எச்சரித்து வந்தது. லேயிலிருந்து இறங்குவோர்க்கும் அதே தொலைவுதான். தொட்டியில் 13 லிட்டர் பிடிக்கும் வண்டி, சமவெளியில் லிட்டருக்கு 35 கிலோமீட்டர் கொடுத்தால் 455 கிலோமீட்டர் ஓடும், குறைவில்லை. ஆனால் சுமையோடு மலையேறும்போது லிட்டருக்கு 28 கிடைப்பதாகக் கொள்ளுங்கள். அப்போது 364 கிலோமீட்டர்தான். தாண்டியைத் தாண்ட ஒரு கிலோமீட்டர் குறைகிறது! ஐந்து லிட்டர் தகரக் குவளை ஒன்று உடனிருந்தால் கவலையில்லை.

மூன்றாவது நிற்றல். இதுவே நான்கிலும் அரிது. இதை நான் நூலிலிருந்து கற்கவில்லை.

1984-ஆம் ஆண்டில் நானும் என் நண்பர் ஒருவரும் இரண்டு வண்டிகளில் காசிக்குப் புறப்பட்டோம். ஐதராபாத்திலிருந்து நாகபுரி ஏறத்தாழ 500 கிலோமீட்டர். அதை ஒரே நாளில் கடப்பதாகத் திட்டம். காலையில் என் வண்டியில் ஒரு பழுது. புறப்படும்போது பதினோரு மணி. நிர்மல் ஊரை அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தங்க இடம் இருந்தது. உணவுக் கடை இருந்தது. நண்பர் தயங்கினார். நான்தான், "திட்டம் திட்டமாக இருக்கட்டும், நாகபுரியில்தான் உணவு" என்றேன். அதிலாபாத்தைக் கடந்த சிறிது நேரத்தில் இருள் கவிந்தது. எதிர் லாரியின் ஒளியில் கண் கூசிற்று. பின்விளக்கின்றிச் சாலையோரம் நின்ற பாரவண்டியை முன்னே சென்ற நண்பர் காணவில்லை.

உயிர் தப்பியது. வலக்கால் இரண்டிடத்தில் முறிந்தது. வேற்றூர் மருத்துவமனையில் பதினெட்டு நாள் அவருடன் இருந்தேன். அவர் தாயாருக்குச் செய்தி சொல்லத் தொலைபேசியை எடுத்தபோது, என் நா எழவில்லை. அந்த அம்மையார் அழவில்லை, "இருட்டுவதற்கு முன் நிற்கக்கூடாதா, அப்பா?" என்று மட்டும் கேட்டார். நாற்பது ஆண்டு கடந்தும் அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. நண்பர் இன்றும் சிறிது சாய்ந்தே நடக்கிறார். என்னை ஒருநாளும் குறை கூறியதில்லை. குறை கூறியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகவே சொல்கிறேன்: கதிரவன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வண்டி நிற்க வேண்டும். எந்த ஊரில் நிற்பது என்பதோடு, அவ்வூரை அடைய இயலாவிடில் அதற்கு முன் எங்கே நிற்பது என்பதையும் காலையிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். உடன் வருவோரில் ஒருவர் "போதும்" என்றால், மற்றவர் மறுபேச்சின்றி நிற்க வேண்டும். தலைக்கவசம் அணிவதைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. "போதும்" என்ற சொல்லை மதிக்க எந்தச் சட்டமும் இல்லை. அதை நாமே இயற்றிக்கொள்ள வேண்டும்.

நான்காவது கிடத்தல், அதாவது உறக்கம்.

லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குக் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. தங்லாங் கணவாயின் உயரம் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே அது பாதியைச் சிறிதே மிஞ்சும். பழைய கார்புரேட்டர் வண்டிகள் அவ்வுயரத்தில் திணறிக் கரும்புகை கக்கும். 2020-க்குப் பின் வந்த வண்டிகள் காற்றின் அளவறிந்து தாமே பெட்ரோலைக் குறைத்துக்கொள்கின்றன. இயந்திரத்திற்கு அத்தகைய கருவி பொருத்தியாயிற்று. மனிதன் தன் உடலைப் பழக்கிக்கொள்ள நாட்களையே செலவிட வேண்டும்.

3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்று மருத்துவர் அறிவுறுத்துகின்றனர். போகும்போது கார்கில் வழியாக ஏறச் சொன்னதன் காரணம் இதுதான். கார்கில் 2,700 மீட்டரை ஒட்டியது. அங்கு ஓரிரவு தங்கி ஏறலாம். மணாலி வழியிலோ, சர்ச்சுவில் 4,200 மீட்டருக்கு மேல் படுக்க நேரிடும். லேயை அடைந்ததும் இரண்டு நாள் வண்டியைத் தொடாமல் ஓய்வு கொள்ள வேண்டும். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை தோன்றினால் மேலே ஏறக்கூடாது. மிகுமாயின் கீழே இறங்குவதே மருந்து. கடற்கரையில் பிறந்து வளர்ந்த நமக்கு இதில் நாணம் வேண்டுவதில்லை.

நேயர்களே, மருமகன் அவ்வாண்டு புறப்படவில்லை. சில நாள் என்னோடு பேசவும் இல்லை. பின்னர் ஒருநாள் வந்து, மறு ஆண்டு செப்டம்பருக்கு 33 நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகக் கூறினான். இப்போது ஞாயிறுதோறும் எங்கள் வாசலில் பின்சக்கரத்தைக் கழற்றுகிறான், மாட்டுகிறான். என் தங்கை அருகில் நின்று, ஒவ்வொரு நாளும் எந்த ஊரில் இரவு தங்குவான் என்று கேட்டு நாட்காட்டியில் எழுதி வைக்கிறாள். சில கட்டங்களில் இரண்டு ஊர்ப் பெயர்கள் உள்ளன. இரண்டாவது பெயர், முதல் ஊரை அடைய இயலாவிடில் அவன் நிற்கப்போகும் ஊர். அப்பெயர்களை எழுதும்போது மட்டும் அவள் முகத்தில் கலக்கம் இல்லை.