காடு வளர்ப்பதும் கூலி வேலைதான்
(மாங்குளம் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து வந்த தோழர்களும் வன்னியில் வேரூன்றிவிட்ட நம்மவர்களும் இன்று மாங்குளத்தில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறோம். 1977, 1983 வன்செயல்களில் லயங்களை விட்டு ஓடி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பலர் இங்கே இருக்கிறார்கள். இந்தக் காட்டோரத்தில்தான் அவர்கள் குடிசை போட்டார்கள். ஆகவே காட்டைப் பற்றிப் பேசுவோம்.

மலையில் வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு ஏறக்குறைய 5000 மில்லிமீற்றர் மழை. வன்னியோ உலர் வலயம். இங்கே 1750 மில்லிமீற்றருக்கும் குறைவு. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு கச்சான் காற்று மண்ணை வறுத்தெடுக்கும். அதைத் தாங்கித்தான் பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் மெதுவாக வளர்ந்து வைரம் பாய்கின்றன. ஒரு காலையில் நாம் வெட்டிச் சாய்க்கும் மரம் பல தலைமுறை கண்டது.

காடு போனால் யாருக்கு நட்டம்? இந்தப் பக்கத்து மழைநீர் கனகராயன் ஆற்றில் இறங்கி இரணைமடுக் குளத்துக்குப் போகிறது. அதற்கப்பால் சுண்டிக்குளம் களப்பு. 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவான இடம் அது. மரமில்லாத நிலத்தில் மழை ஊறாது. மண்ணையும் வாரிக்கொண்டு ஓடும். குளம் தூர்ந்தால் வயலில் கூலி இல்லை. கிணறு வற்றினால் குடம் தூக்குவது நம் பெண்கள்.

ஆனால் காட்டைக் காக்க வருகிறோம் என்பவர்கள் முதலில் ஏழையின் வளவில்தான் எல்லைக்கல் நடுகிறார்கள். நாற்பது வருடம் குடியிருந்தவரிடம் பத்திரம் கேட்கிறார்கள். இதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

தம்புள்ளையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. முன்னாள் தேயிலைத் தோட்டத் துரை சாம் பொப்பம், 1963இல் அங்கே சேனை செய்து கைவிடப்பட்ட பற்றைக்காட்டை எடுத்தார். நட்ட கன்றுகள் சரிவரவில்லை. தானாக முளைத்தவை பிழைத்தன. அதைக் கண்டு அவர் முட்பற்றையை மட்டும் வெட்டி நீக்கி, அந்தக் கன்றுகளுக்கு வெளிச்சமும் இடமும் விட்டார். காடு திரும்பி வந்தது. இன்று அது கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தின் பொறுப்பில் ஆய்வுக்காடாக இருக்கிறது.

தோழர்களே, அது எந்த மாதிரி வேலை? எது களை, எது விடவேண்டிய தளிர் என்று பார்த்து வெட்டும் வேலை. கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் பழகிய நம் கைகளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே மூன்று விடயங்கள். ஒன்று, நம் பக்கத்துக் கடமை: விறகுக்குப் பட்ட கிளையை எடுப்போம், வளரும் கன்றில் கத்தி வைக்கமாட்டோம். இரண்டு, குடியிருக்கும் காணிக்கு உறுதி தரவேண்டும். மூன்று, அழிந்த காட்டை மீட்கும் வேலையைச் சிரமதானமாக்கி நம் தலையில் கட்டக்கூடாது. நாட்சம்பளமும் ஊழியர் சேமலாப நிதியும் உள்ள வேலையாக, காட்டோரத்து மக்களுக்கே அதைக் கொடுக்கவேண்டும்.

மலைக்காட்டை வெட்டித் தோட்டம் போட்டவர்கள் நம் பாட்டன்மார். ஆசைப்பட்டு வெட்டவில்லை, அரை வயிற்றுக் கூலிக்கு வெட்டினார்கள். பேரப்பிள்ளைகள் முழுக் கூலி வாங்கிக் காட்டை வளர்க்கட்டும்.