எங்கேயும் போகாத கப்பலில் இரண்டு இரவுகள்

திண்டுக்கல் பக்கம் அகரத்திலிருந்து பேசுறேன். பின்னாடி மயில் கத்துற சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, தோட்டத்து வீட்டில் உட்கார்ந்துதான் பதிவு செய்றேன்.

போன வாரம் ஒரு நேயர் எழுதியிருந்தாங்க. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா அம்மாவை முதல் தடவையா கப்பல் சுற்றுலாவுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். "அங்கே மூச்சுப் பயிற்சி, தியானம் எல்லாம் எப்படிச் செய்ய வைக்கிறது? காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஒரு அட்டவணை போட்டுத் தர முடியுமா?"ன்னு கேட்டிருந்தாங்க. அட்டவணை மட்டும் கேட்காதீங்க. ஏன்னு சொல்றதுக்கு நான் போன கப்பலைப் பத்திச் சொல்லணும்.

2021 மே மாசம் எங்க அப்பா கொரோனாவில் போயிட்டார். இரண்டாவது அலை. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு அம்மா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. சுற்றிக் கட்டி வந்ததைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. கூடி அழ ஆள் வரவில்லை. காரியத்துக்கு வீட்டு ஆட்கள் நாலு பேர். அந்தச் சமயத்தில் பல வீடுகளில் இப்படித்தான் நடந்தது, கேட்கிற உங்களில் சிலருக்கும் தெரியும். அம்மா அழவே இல்லை. "எல்லார் வீட்டுலயும்தானே?" என்று மட்டும் சொன்னாள்.

எங்களுக்கு ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக மல்லிகை இருந்தது. முப்பது வருஷமாக அம்மாவும் அப்பாவும் விடிவதற்கு முன்னாடி எழுந்து, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிப்பார்கள். மொட்டு மலர்வதற்குள் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விலை. அப்பா போன பிறகு தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். பூ போய்விட்டது, ஆனால் அம்மாவுக்கு அந்த மூன்றரை மணி போகவில்லை. தினமும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துவிடும். எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். ஒரு வருஷம் இப்படி.

நான் இங்கே பெண்களுக்குக் காலையில் யோகா வகுப்பு எடுக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறவள், பெற்ற அம்மாவை நிம்மதியாகத் தூங்க வைக்க முடியவில்லை. அது எனக்குக் கௌரவப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. அதை இன்றைக்குத்தான் வெளியே சொல்றேன்.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் போக ஆரம்பித்தது. முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்ததைச் செய்தியில் பார்த்திருப்பீங்க. கார்டேலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல். 1990-ல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் வேறொரு நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டு, பெயர் மாறி, கை மாறி நம்ம ஊருக்கு வந்த கப்பல் அது. நீளம் ஏறக்குறைய 210 மீட்டர், பதினோரு தளங்கள். விசாகப்பட்டினம் போய்வருகிற ஐந்து இரவுப் பயணமும் இருந்தது, இரண்டு இரவுப் பயணமும் இருந்தது. இந்த இரண்டு இரவுப் பயணம் எந்த ஊருக்கும் போகாது. சென்னையில் கிளம்பி நடுக்கடலுக்குப் போய், மறுபடி சென்னைக்கே வந்துவிடும்.

சென்னையில் இருக்கிற என் தம்பி அதில் மூன்று பேருக்கு டிக்கெட் போட்டுவிட்டான். எவ்வளவு என்று கடைசி வரை சொல்லவில்லை. தலைத்திவசம் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "தாலி இறங்கி ஒரு வருஷம் கழிஞ்சதும் கப்பல் கேக்குதாக்கும்" என்று அத்தை வீட்டு வாசலிலேயே சொன்னார். அம்மா ஒன்றும் பேசவில்லை. ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறுகிறபோதுதான், "எங்கேயும் போகாத கப்பலுக்கு எதுக்குடி போகணும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

ஆனால் என் கைப்பையில் ஒரு தாள் இருந்தது. அட்டவணை! காலை 5.30 சூரிய நமஸ்காரம், 6.15 மூச்சுப் பயிற்சி, 8 மணிக்குக் கவனத்தோடு சாப்பிடுவது, 11 மணிக்கு மௌனம், மாலை தளத்தில் நடைத் தியானம். சிரிக்காதீங்க. நான் ரொம்ப அக்கறையோடு எழுதினது.

கப்பலில் ஏறினதும் பாதுகாப்பு ஒத்திகை. ஆபத்து என்றால் எங்கே கூட வேண்டும், லைஃப் ஜாக்கெட்டை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். 2012-ல் இத்தாலியில் கோஸ்டா கான்கோர்டியா கவிழ்ந்த பிறகு, கிளம்புவதற்கு முன்போ கிளம்பின உடனேயோ இதைச் செய்தே ஆக வேண்டும் என்று உலக அளவில் விதி வந்தது. பாதிப்பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் வாயைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். இந்தியும் ஆங்கிலமும் அவளுக்குப் புரியாது. கையைப் பார்த்தே முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டாள். பூக்கட்டுகிற கை.

அப்புறம் சங்கு ஊதி, கரை நகர ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் போனில் சிக்னல் போய்விட்டது. ஒன்று சொல்லணும், கப்பலில் போகிறவர்கள் போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்க. தெரியாமல் கப்பல் நெட்வொர்க்கில் சேர்ந்தால் ரோமிங் கட்டணம் கண்ணைக் கட்டும். வீட்டில் இருக்கிறவர்களிடம் "இரண்டு நாள் பேச முடியாது, பயப்படாதீங்க" என்று முன்னாடியே சொல்லிவிடுங்க. சொல்லாமல் போனால் பாதி மனசு போனிலேயே கிடக்கும்.

ஒரு சொகுசுக் கப்பல் மன அமைதிக்காகக் கட்டப்பட்டதில்லை. ஒரு பக்கம் நீச்சல் குளத்தில் பாட்டு, ஒரு பக்கம் கசினோ, இன்னொரு பக்கம் மேடை நிகழ்ச்சி, எந்நேரமும் எங்கேயாவது சாப்பாடு. அதில் தப்பு ஒன்றும் இல்லை, மக்கள் அதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள். என் தம்பி ரொம்ப சந்தோஷமாக இருந்தான். நான்தான் அந்தச் சத்தத்துக்கு நடுவில் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவை மேலேயும் கீழேயும் இழுத்துக்கொண்டு திரிந்தேன். நடைத் தியானம் என்று தளத்தைச் சுற்ற வைத்தேன். அம்மா இரண்டாவது சுற்றிலேயே "கால் வலிக்குது" என்றாள். அதையும் வீடியோ எடுத்தேன், வகுப்பு குரூப்பில் போடலாமே என்று.

ராத்திரிச் சாப்பாட்டில் இன்னும் மோசம். ஜான் கபாட்-ஸின் என்று அமெரிக்காவில் ஒருத்தர். 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நாள்பட்ட வலியோடு இருக்கிற நோயாளிகளுக்காகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். இன்றைக்கு 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அங்கிருந்து பரவினது. அதில் ஒரு பயிற்சி, ஒரே ஒரு உலர்திராட்சையைப் பார்த்து, தொட்டு, முகர்ந்து, மெதுவாக மென்று சாப்பிடுவது. என் வகுப்பில் திராட்சைக்குப் பதில் சிறுமலை வாழைப்பழம் வைப்பேன். அந்த மணத்துக்கு வேறு பழம் ஈடாகாது. கப்பலில் அம்மா முன்னால் இதை விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "பசிச்சாத் தானா ருசிக்கப்போவுது, நீ சாப்பிடு, ஆறுது" என்றாள். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. அத்தனை இனிப்பு வரிசைக்கு முன்னால் ஒரு கிண்ணம் தயிர்சாதத்தோடு எழுந்துவிட்டாள். நான் மூன்று வகை கேக் சாப்பிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி கப்பல் கொஞ்சம் ஆடியது. கடல் குமட்டல் எனக்குத்தான் வந்தது. நம் காதுக்குள் சமநிலையைப் பார்க்கிற உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது. அறைக்குள் இருக்கிற கண் 'அசையவில்லை' என்கிறது. இரண்டும் முரண்படுவதால் வருகிற குமட்டல் அது. அந்த நேரத்தில் கண்ணை மூடி ஆழ்ந்த தியானம் செய்யப்போய், எனக்கு இன்னும் அதிகமானது. வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்தால் காதும் கண்ணும் ஒத்துப்போகும். ராத்திரியில் தொடுவானத்துக்கு எங்கே போவது? படுத்துவிட்டேன்.

முழித்துப் பார்த்தால் பக்கத்துக் கட்டிலில் அம்மா இல்லை. மணி நாலாகப் போகிறது. பாத்ரூமில் இல்லை. செருப்பு இல்லை.

அந்த நடைபாதைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், எந்தப் பக்கம் முன்புறம் என்றே தெரியாது. ஒரு வருஷமாக அழாத ஒரு மனுஷி, நடுக்கடல், இருட்டு. என்ன நினைத்தேன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு என்று வருஷக்கணக்காகச் சொல்லித் தருகிறேன். அந்தப் படிக்கட்டில் ஒரு மூச்சுகூட எனக்கு ஒழுங்காக வரவில்லை.

மேல்தளத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடலைப் பார்த்தபடி. கொஞ்சம் தள்ளி ஒரு துப்புரவுப் பணியாளர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சிரைக்க ஓடி வருவதைப் பார்த்துவிட்டு, "மொட்டுப் பறிக்கிற நேரம், முழிப்பு வந்துருச்சு. உன்னை எதுக்கு எழுப்பணும்னு வந்தேன்" என்றாள்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதை மறைக்க நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரி, வந்ததுதான் வந்தோம், நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சைக் கவனிப்போம்மா" என்று ஆரம்பித்தேன். அம்மா என் பக்கம் திரும்பி, "சும்மா இருடி செத்த நேரம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி.

சும்மா இருந்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. கப்பல் ஓரத்தில் தண்ணீர் வெள்ளையாகப் பிரிந்து போகிற சத்தம், கீழே இன்ஜின் அதிர்வு. கொஞ்ச நேரத்தில் கிழக்கே லேசாக வெளுத்தது. அப்போது அம்மா பேச ஆரம்பித்தாள். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கும் மூன்றரைக்கு எழுந்தாராம். காய்ச்சலோடு. "இன்னிக்குப் பூவை விட்ருவோம்"னு அம்மா சொல்லியிருக்கிறாள். மார்க்கெட்டே மூடிக் கிடக்கு, எதுக்குப் பறிக்கணும்னு. அவர் கேட்காமல் போய் ஒரு கூடை பறித்துக்கொண்டு வந்து வாசலில் வைத்திருக்கிறார். விற்க முடியாத பூ. ஆம்புலன்ஸ் வரும்போது அந்தக் கூடை அங்கேயே இருந்ததாம். "அவர் போனதுக்கப்புறம் பார்த்தா எல்லாம் மலந்து கெடந்துச்சு" என்றாள். அப்புறம்தான் அழுதாள். ரொம்ப நேரம். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்ல வந்ததை இரண்டு மூன்று தடவை விழுங்கினேன்.

சூரியன் வந்ததைப் பார்த்தோமா என்றால், மேகம். சிவப்பு மட்டும் தெரிந்தது.

மறுநாள் அட்டவணை இல்லை. அம்மா பகலில் மூன்று மணி நேரம் தூங்கினாள். நான் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், குமட்டல் குறைந்தது. சாயங்காலம் மேடையில் நடந்த மேஜிக் நிகழ்ச்சிக்கு அம்மாவே கூப்பிட்டாள். புறா வந்தபோது கை தட்டினாள். ராத்திரி மறுபடி மூன்றரைக்கு எழுந்தோம், இந்தத் தடவை இரண்டு பேரும்.

ஊருக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. முழிப்பு வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு மாதம் கழித்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அதை முன்னாடியே செய்திருக்க வேண்டும். துக்கத்தில் சில வாரம் தூக்கம் கெடுவது இயல்பு. மாதக்கணக்கில் நீண்டால், சாப்பாடு குறைந்தால், 'நான் எதுக்கு இருக்கேன்' என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், கப்பலும் யோகாவும் போதாது. டெலி மானஸ் என்று மத்திய அரசின் உதவி எண் இருக்கிறது, 14416. எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அம்மாவுக்கு டாக்டரும் உதவினார், இன்னொன்றும் உதவியது. குத்தகைக்காரரிடம் கேட்டு இரண்டு வரிசைச் செடியை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

இப்போ அந்த நேயருக்கு. அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் பாருங்க, அங்கே ஆட்டம் குறைவு. குமட்டல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்குங்க, சிலதுக்குத் தூக்கம் கலக்கும், வயசானவங்க படியில் தடுமாறுவாங்க. அவங்க தினசரி மாத்திரைகளைக் கைப்பையில் வைங்க, பெரிய பெட்டி அறைக்கு வந்து சேர நேரமாகும். அறை எண்ணை ஒரு சீட்டில் எழுதி அப்பா சட்டைப் பையிலும் அம்மா பர்ஸிலும் வைங்க. ராத்திரி முழிச்சா உங்களையும் எழுப்பச் சொல்லுங்க, தனியா போக வேண்டாம்னு. தியானம் செய்ய வைக்கணும்னு ஆசையா இருந்தா, நீங்க செய்யுங்க. அவங்க பக்கத்தில் வந்து உட்கார்ந்தா உட்காரட்டும்.

அடுத்த வாரம் முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து எழுவது பத்திப் பேசலாம், நிறைய பேர் கேட்டிருக்கீங்க. மயில் இன்னும் நிறுத்தலை. வர்றேன்.