மழைக் காளான்



இடி இடித்து மழை பெய்தால் காளான் முளைக்கும். அதில் என்ன சத்து இருக்கிறது? எல்லாக் காளானையும் உண்ணலாமா? இன்று அதைப் பேசுவோம்.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் சால் மரக் காடுகள் உண்டு. மழைக்காலம் தொடங்கியதும் பெண்கள் விடியற்காலையில் காட்டுக்குப் போகிறார்கள். மரத்தடி மண்ணைக் கிளறுகிறார்கள். சிறு கிழங்கு போல உருண்டையான காளான் கிடைக்கிறது. அதன் பெயர் ருக்டா. இளசாக இருந்தால் உள்ளே வெள்ளையாக இருக்கும். முற்றினால் கறுத்துவிடும். இளசைத்தான் சமைப்பார்கள். ராஞ்சிச் சந்தையில் இதற்கு நல்ல விலை உண்டு. ருக்டா, சால் மரத்தின் வேரோடு சேர்ந்து வாழ்வது. மரத்தை வெட்டினால் ருக்டாவும் போய்விடும்.

சரி, காளானில் என்ன சத்து?

100 கிராம் பச்சைக் காளானில் சுமார் 90 கிராம் தண்ணீர்தான். புரதம் 2 முதல் 4 கிராம் வரை இருக்கும். கொழுப்பு மிகக் குறைவு. நார்ச்சத்தும் பி வகை வைட்டமின்களும் உண்டு. காளானை நறுக்கி வெயிலில் காய வைத்தால் வைட்டமின் டி உண்டாகிறது. அது எலும்புக்கு நல்லது.

காளான் இறைச்சிக்குச் சமம் என்று சிலர் சொல்வார்கள். பச்சைக் காளான் அப்படி அல்ல. 100 கிராம் துவரம் பருப்பில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. ஆகவே, காளான் சமைக்கும் நாளிலும் பருப்பை விட்டுவிடாதீர்கள்.

இனி முக்கியமான செய்தி. 2022 ஏப்ரலில் அசாமில் நச்சுக் காளானை உண்டு 13 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர்.

வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு என்பார்கள். பூச்சி அரித்த காளான் நல்லது என்பார்கள். இரண்டையும் நம்பாதீர்கள். கொடிய காளானின் நஞ்சு வேக வைத்தாலும் போகாது.

அந்த நஞ்சு உடனே தெரியாது. 6 மணி நேரத்துக்குப் பிறகுதான் வாந்தியும் பேதியும் வரும். பிறகு நின்றுவிடும். குணமாகிவிட்டது என்று நினைப்போம். ஆனால் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

ஆகவே, நன்றாக அடையாளம் தெரிந்த காளானை மட்டும் பறியுங்கள். சிறு சந்தேகம் இருந்தாலும் எறிந்துவிடுங்கள். உண்டபின் வாந்தி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சக் காளானையும் எடுத்துப் போங்கள். கூட உண்டவர்களையும் அழைத்துப் போங்கள்.

ஒரு வேளைக் கறி போனால் போகட்டும். உயிர் போனால் வராது.