ஏசினும் அர்ச்சனையே

(திருபுவனையில் அன்பர்கள் முன்னிலையில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ் பேசும் இல்லங்களில் ஒரு வழக்கு உண்டு. வீட்டிலோ அலுவலகத்திலோ நன்றாக ஏச்சு வாங்கிய ஒருவன் வெளியே வந்ததும், "இன்று எனக்கு நல்ல அர்ச்சனை நடந்தது" என்பான். கேட்பவர் சிரிப்பர். கோயிலில் தேங்காய், பழம், வெற்றிலையுடன் தட்டை நீட்டிப் பெயரும் நட்சத்திரமும் சொல்லிச் செய்விப்பதும் அர்ச்சனை. வசை மாரி பொழிவதும் அர்ச்சனை. விளையாட்டாகப் பேசப்படும் இவ்வழக்கிற்கு ஒத்த ஒரு வரலாறு பெரியபுராணத்தில் இடம்பெற்றுள்ளது. அது நிகழ்ந்த இடமும் தொலைவில் இல்லை. திருபுவனையிலிருந்து மேற்கே விழுப்புரம் கடந்து சென்றால் அடையக்கூடிய திருவெண்ணெய்நல்லூரே அத்தலம்.

புத்தூரில் திருமணப் பந்தல். மணக்கோலத்தில் நம்பியாரூரர் அமர்ந்திருக்கிறார். தள்ளாடும் முதியவர் ஒருவர் ஓலையுடன் வந்து, "இவன் எனக்கு வழிவழி அடிமை" என்கிறார். அந்தணர் மற்றோர் அந்தணருக்கு அடிமையாதல் எங்கும் இல்லாத செய்தி. சபை நகைக்கிறது. நம்பியாரூரரும் நகைத்து, அம்முதியவரைப் பித்தன் என்கிறார். முதியவர் சினக்கவில்லை. பித்தன் என்றாலும், பேயன் என்றாலும், அதனால் தமக்கு நாணம் ஏதும் இல்லை என்று கூறி வழக்கைத் தொடர்கிறார். நம்பி ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழிக்கப்பட்டது படியோலை, மூல ஓலை வெண்ணெய்நல்லூர்ச் சபையில் காட்டப்படுகிறது. பாட்டனார் கையெழுத்து ஒத்திருக்கக் கண்ட சபையார், நம்பி தோற்றார் என்று தீர்ப்பளிக்கின்றனர். "இவ்வூரில் உமது இல்லம் எது?" என்று கேட்டபோது, முதியவர் திருவருட்டுறைத் திருக்கோயிலுள் நுழைந்து மறைகிறார்.

அதன் பின்னரே அருள் வெளிப்படுகிறது. தம்முடன் வன்மையாக வாதாடியதால் வன்தொண்டன் என்னும் பெயரை இறைவர் சூட்டுகிறார். தமக்குச் செய்யும் அர்ச்சனை பாட்டே என்று கூறிப் பாடப் பணிக்கிறார். எதைச் சொல்லிப் பாடுவது என்று நம்பி திகைத்து நிற்க, முன்பு பித்தன் என்று ஏசினாய் அல்லவா, அச்சொல்லாலேயே தொடங்குக என்கிறார். மணப்பந்தலில் வசையாக வீசப்பட்ட சொல், சந்நிதியில் அவர்தம் தேவாரத்தின் முதற்சொல்லாயிற்று. எழுத்து மாறவில்லை, நின்ற இடமும் நெஞ்சின் நிலையுமே மாறின.

ஏசுவதும் ஒரு கலை என்று கொண்டிருந்த சமுதாயம் தமிழ்ச் சமுதாயம். தொல்காப்பியம் செய்யுளியலில் அங்கதம் என்னும் ஒன்றை வகுத்து, அது செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படும் என்கிறது. வெளிப்படையாக ஏசுவது முன்னது. பழியை மறைத்து வைத்துச் சொல்வது பின்னது. புகழ்வது போலப் பழித்தலும், பழிப்பது போலப் புகழ்தலும் வஞ்சப்புகழ்ச்சி எனப் பெயர் பெற்றன. இறைவனிடத்தே அது செல்லும்போது நிந்தாஸ்துதி ஆயிற்று. திருவள்ளுவரும் கயமை என்னும் அதிகாரத்தில் இவ்வழியைக் கையாள்கிறார். கயவரைத் தேவருக்கு ஒப்பிட்டு உயர்த்திவிட்டு, தம் மனம்போனபடி ஒழுகுவதால் அவ்விருவரும் ஒப்பர் என்று காரணம் காட்டுகிறார். பாராட்டு என்று எண்ணி மகிழத் தொடங்கும் கயவன், காரணம் கேட்ட கணத்தில் தலை கவிழ்வான்.

இக்கலை உயிர்களைக் காக்கவும் பயன்பட்டது. அதியமான் நெடுமானஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் சென்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். ஔவையார் அவற்றைப் பார்த்து வியந்தார். இங்குள்ள வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மனையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95ஆம் பாடலாக அமைந்த இதில் ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. உன் படை போர் காணாதது என்பதைத் தொண்டைமான் தானே உணர வேண்டியதாயிற்று. அதனால் போர் தவிர்ந்தது என்பது வழிவழி வரும் செய்தி.

சுந்தரரிடம் மீண்டும் வருவோம். கச்சித் திருவோணகாந்தன்தளியில் பொருள் வேண்டிப் பாடும்போது, அவர் இறைவரின் குடும்பத்தையே எடுத்துக்கொள்கிறார். தலையில் இருக்கும் கங்கை வாய் திறப்பதில்லை, மூத்த பிள்ளை வயிற்றையே எண்ணுபவர், இளையவர் சிறு பிள்ளை. இப்படிப்பட்ட வீட்டில் ஆட்பட்டுப் பயன் என்ன என்று கேட்கிறார். சங்கிலியாருக்குக் கொடுத்த உறுதிமொழி தவறிக் கண்ணொளி இழந்து, கச்சியில் ஒரு கண் மட்டும் பெற்றுத் திருவாரூரை அடைந்தபோது அவர் பாடிய பதிகம் இன்னும் கூர்மையானது. அடியார் அல்லற்பட்டுக் கிடக்க, நீர் மட்டும் சுகமாக வாழ்ந்துகொள்ளும் என்னும் கருத்தில் இறைவரை வாழ்த்துகிறார். வாழ்த்தே வசையாகிறது. ஆரூரர் மற்றக் கண்ணையும் அருளினார். பொருள் வேண்டியும் கண் வேண்டியும் மன்றாடும் நிலையிலும் அவர் தம்மை ஆண்டவரிடமே உரிமையோடு சண்டையிட்டார். எளியவர் மீது அந்த நாவு பாய்ந்ததில்லை.

இக்கலையில் பெரும்பெயர் பெற்றவர் 15ஆம் நூற்றாண்டினரான காளமேகப் புலவர். வைணவராகப் பிறந்த இவருக்கு இயற்பெயர் வரதன். திருபுவனையில் எழுந்தருளியிருக்கும் பெருமாளின் திருநாமமும் வரதராஜன் அன்றோ! திருவரங்கத்து மடைப்பள்ளியில் பணிபுரிந்து, பின் சைவம் சார்ந்து, திருவானைக்கா அகிலாண்டேசுவரியின் அருளால் கவிமழை பொழிந்தார் என்பர்.

பசியுடன் நாகைக்கு வந்த காளமேகம், காத்தான் என்பவரின் சத்திரத்தில் காத்திருந்த கதை பலரும் அறிந்தது. கதிரவன் மறையும் வேளையில்தான் அரிசியே வந்து சேரும், உலையில் இடும்போது ஊர் உறங்கிவிடும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும் என்னும் பொருளில் புலவர் ஒரு வெண்பாப் பாடினார். காத்தான் பதறி ஓடிவந்து, அறியாது நிகழ்ந்த தாமதத்தைப் பொறுக்கும்படி வேண்டினார். புலவர் பாட்டை மாற்றவில்லை, பொருளை மாற்றினார். நாட்டில் விளைவு குன்றிய காலத்திலும் இச்சத்திரத்திற்கு அரிசி வரும். உலையில் இட்டால் ஊரின் பசி அடங்கும். இலையில் இட்ட அன்னத்தின் வெண்மை கண்டு வெள்ளி என்னும் விண்மீன் நாணி எழுந்து போகும் என்று உரை கூறினார். வசைக்குள்ளேயே வாழ்த்தையும் வைத்துப் பாடியவர், பிழை செய்தவர் திருந்தி வரக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

மற்றொரு கதை திருக்கண்ணபுரத்தில் நிகழ்கிறது. மழைக்கு ஒதுங்கப் பெருமாள் கோயிலுக்கு ஓடிவந்த புலவரைச் சைவர் என்று அறிந்து, உள்ளிருந்தோர் கதவை அடைத்தனர். கண்ணபுரத்துப் பெருமாள் சிவபெருமானிலும் அதிகம் என்று புலவர் வெளியே நின்று பாடினார். கதவு திறந்தது. உள்ளே வந்தவர் பாட்டை முடித்தார்: பெருமாளைக் காட்டிலும் தாம் அதிகம் என்றார்! எதில் அதிகம்? பிறவிக் கணக்கில். பெருமாளின் அவதாரங்கள் பத்து. சிவபெருமானுக்குப் பிறவியே இல்லை. தமக்கோ எண்ணற்ற பிறவிகள். கேட்டவர்கள் சினந்திருக்கக்கூடும், ஆயினும் சிரியாதிருக்க முடியாது. தம் கொள்கையையும் விடாமல், பெருமாளையும் இகழாமல், பிறவிச் சேற்றில் உழலும் தம்மையே கடைநிலையில் நிறுத்திக்கொண்டார். சமயப் பூசலில் அடைபட்ட கதவு ஒரு நகைச்சுவைக்குத் திறந்தது.

அதே புலவரின் வாழ்வில், இக்கலைக்கு எச்சரிக்கையாக அமைந்த நிகழ்ச்சியும் சொல்லப்படுகிறது. புதுச்சேரி மாநிலத்தின் காரைக்கால் பகுதியில் திருமலைராயன்பட்டினம் உள்ளது. அங்கு ஆண்ட திருமலைராயனின் அவையில் அதிமதுரகவி முதன்மைப் புலவராக வீற்றிருந்தார். காளமேகத்திற்கு இருக்கை தரவில்லை. சிறிது தவறினும் உயிர் போகும் யமகண்டம் என்னும் சோதனையில் அமர்ந்து பாடி வென்ற பிறகும் மன்னன் சிறப்புச் செய்யவில்லை. புலவர் சினந்து, அவ்வூர் மண்மாரியால் அழிக எனப் பாடினார். அவ்வாறே மண் பொழிந்தது என்பது கதை. அவமதித்தவர்கள் அவையோர் சிலர். மண் விழுந்ததோ ஊரார் அனைவர் தலையிலும். உழவர், நெய்தல் நில மக்கள், குழந்தைகள் செய்த பிழை என்ன? சிரிப்பை இழந்த வசை சாபமாகிவிடுகிறது. வெண்பாவால் விளையாடிய நாவும் சினத்திற்கு ஆட்பட்டால் குற்றமற்றவரைச் சுடும் என்பதே இக்கதை தரும் பாடம்.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் மாசிமகத்தன்று கடலாடத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கடற்கரை, அந்தத் திருமலைராயன்பட்டினமே ஆகும். புலவரின் நகைச்சுவைக்குக் கதவு திறந்த பெருமாள், புலவரின் சினத்திற்கு ஆளான ஊருக்கு ஆண்டுதோறும் தாமே வருகிறார். சாபத்தை விட அருள் நீண்ட ஆயுள் உடையது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இன்று ஏச்சுக்குப் பஞ்சம் இல்லை; அதன் அழகுக்குத்தான் பஞ்சம். சாலையில் வண்டி உரசினாலும், வாய்க்கால் நீர் பங்கிடும்போதும், கோயில் வரிசையில் ஒருவர் முந்தினாலும், முதற்சொல்லே ஒருவரின் பிறப்பை, உடற்குறையை, தாயின் நற்பெயரைத் தீண்டுகிறது. கைப்பேசியில் முகம் காட்டாமல் எழுதப்படும் சொற்களோ இன்னும் கொடியவை. அச்சொற்களுக்கு ஒரே பொருள்தான். காத்தானுக்குக் கிடைத்தது போன்ற மறுபொருள் அவற்றில் இல்லை. சொன்னவர் வருந்தினாலும் திரும்ப வழியில்லை. ஒரு சொல்லால் ஒரே தெருவில் இரு குடும்பங்கள் பல்லாண்டு பேசாதிருப்பதும், திருவிழாவில் தேர் வடத்தின் ஒரு பக்கத்தில் ஒருவர் நின்றால் மற்றவர் வராதிருப்பதும் காணக்கூடிய காட்சிகளே.

பழைய கலைக்கு அடிப்படையாக இருந்தது கல்வி. திருபுவனையே அதற்குச் சாட்சி. முதலாம் பராந்தக சோழன் காலத்தைச் சார்ந்த இத்திருக்கோயிலில், முதலாம் இராசாதிராசனின் 30ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. 1048ஆம் ஆண்டைச் சார்ந்த அக்கல்வெட்டு, இங்கு 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்விக்கூடம் இயங்கியதைக் கூறுகிறது. வேதங்களுடன் இலக்கணமும், இராமாயணமும், பாரதமும் கற்பிக்கப்பட்டன. கற்போரும் கற்பிப்போரும் ஊர் வாரியப் பணிகளிலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர். சொல்லைப் பயில்வதற்கு ஓய்வும் அமைதியும் வேண்டும் என்று ஓர் ஊரே உணர்ந்திருந்த காலம் அது. சொல் நிறைந்தவனுக்குக் கை ஓங்க வேண்டிய தேவை குறைவு. சொல் வறண்டவனே கல்லைத் தேடுகிறான்.

ஆகவே, சினம் வரும்போது மூன்றை எண்ணிப் பார்க்கலாம். நம்மினும் எளியவரை ஏசுகிறோமா? கேட்பவர் பிறகு சிரிக்க இடமிருக்கிறதா? நாளை அவர் திரும்பி வர ஒரு கதவு திறந்திருக்கிறதா? இம்மூன்றும் அமையாத சொல்லைச் சந்நிதியிலேயே இறக்கி வைத்துவிடுவது நலம். இறைவரோ எதையும் தாங்குவார். பித்தன் என்ற சொல்லையே பாமாலையின் முதல் மலராக ஏற்றவர் அவர். மனிதர் நெஞ்சு அத்துணை வலிமை உடையதன்று.

அடுத்த முறை வீட்டில் "அர்ச்சனை" நடக்கும்போது, செய்பவரும் பெறுபவரும் திருவெண்ணெய்நல்லூரை ஒரு கணம் நினைவு கூர்வார்களாக. இன்சொல்லும், இனிய நகையும், பிழை பொறுக்கும் நெஞ்சும் அனைவருக்கும் வாய்க்க வரதராஜப் பெருமாள் அருள்புரிவாராக!