தலைக்காயமும் இல்லறமும்
(தோவாளையில் நடந்த சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்களின் இல்லறத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். நம் தோவாளை, ஆரல்வாய்மொழிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே பெருஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர். விடியுமுன்னே பூச்சந்தைக்கு வண்டிகள் வருகின்றன. ஆகவே சாலை விபத்து நமக்கு அந்நியமான செய்தியன்று. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டம், விபத்துற்றோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்க ஏற்பட்டது. உயிரைக் காக்க அது பேருதவி. ஆயினும் புருஷன் வீடு திரும்பிய பின் தொடங்கும் துன்பத்திற்குத் துணை யார்?

காயம் ஆறிவிட்டது, நடக்கிறார், பேசுகிறார். “தெய்வம் காப்பாற்றிற்று” என்று ஊரார் மகிழ்கின்றனர். மனைவி ஒருத்தியே அறிவாள், திரும்பி வந்தவர் பழைய மனிதர் அல்லர் என்பதை. பொறுமைசாலியாயிருந்தவர் அற்ப காரியத்திற்கும் சீறி விழுகிறார். சிக்கனமாயிருந்தவர் கைப்பணத்தை வாரி இறைக்கிறார். வேறு சிலரோ எதிலும் பற்றின்றித் திண்ணையிலேயே பொழுதைக் கழிக்கின்றனர். இறந்தவருக்காக அழுதால் ஊர் கூடி ஆறுதல் சொல்லும். எதிரே உயிரோடிருப்பவருக்காக அவள் எவ்வாறு அழுவாள்?

இதன் காரணம் யாதெனில், நெற்றிக்குப் பின்னேயுள்ள மூளையின் முன்பகுதியே கோபத்தை அடக்கவும், முன்யோசனை செய்யவும், பிறர் நோவை உணரவும் உதவுவது. பலமாக அடிபடுங்கால் அப்பகுதி எலும்பில் மோதி நைந்துபோகிறது. நுண்ணிய நரம்பிழைகள் அறுபடுகின்றன. தாம் மாறியிருப்பதை உணரும் சக்தியே சிலருக்குக் குன்றிவிடுவதால், எடுத்துச் சொன்னாலும் அவர்கள் நம்புவதில்லை.

1848-ஆம் ஆண்டு அமெரிக்காவில், இருப்புப்பாதை வேலையில் மேஸ்திரியாயிருந்த பினியாஸ் கேஜ் என்பவரின் கன்னத்தில் புகுந்த கடப்பாறை போன்ற இரும்புக் கம்பி, உச்சந்தலை வழியே வெளியேறிற்று. அவர் பிழைத்தார், குணமோ மாறிற்று. நிதானமானவர் முரடரானாரென்று அவருடைய வைத்தியர் ஹார்லோ 1868-இல் எழுதினார். ஆனால் அதே கேஜ் பின்னர் சிலி தேசஞ்சென்று, பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். நாள்தோறும் ஒரே ஒழுங்கில் நடக்கும் வேலை அவரைத் தாங்கிற்று என்பர் அறிஞர் சிலர்.

நாம் கற்க வேண்டிய பாடமும் அதுவே. உணவு, குளிப்பு, உறக்கம் யாவும் குறித்த வேளையில் நடக்கட்டும். ஒரு சமயத்தில் ஒரு காரியம் மட்டும் சொல்லுக. சந்தையில் விலை பேசுவது அவருக்கு இயலாதிருக்கலாம். பிச்சிப்பூவைத் தரம் பிரிப்பது இயலும். சினம் மூண்டபோது வாதிடாமல் விலகி நிற்க; அயர்ச்சியும் இரைச்சலும் சினத்தை வளர்க்கும். மது அறவே ஆகாது. அது வலிப்பையும் வருவிக்கும். பணப் பொறுப்பை நம்பிக்கையான வேறொருவர் ஏற்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநோய் வைத்தியரையும் கண்டு கேட்க வேண்டும். முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் விரைவாயிருக்கும். பின்னரும் மெல்ல மெல்லத் தொடரக்கூடும்.

பேய் பிடித்ததென்றும், செய்வினையென்றும், மனைவி வந்த வேளையென்றும் கூறுவது பெரும் பிழை. அதனினும் கொடிது, அடி வாங்கியும் பொறுத்திரு என்று அவளுக்கு உபதேசிப்பது. நோய் காரணமாயினும் அடி அடியே. கை ஓங்கப்பட்டால் குழந்தைகளுடன் அவள் அக்கணமே பத்திரமான இடம் சேர வேண்டும். பெண்களுக்கு 181 என்னும் தொலைபேசி எண்ணும், மனத்துயர்க்கு 14416 என்னும் எண்ணும் உள்ளன. மனைவி காயமுற்றுக் கணவன் பேணும் இல்லத்திற்கும் இவையனைத்தும் பொருந்தும்.

சகோதரர்களே! இத்தகைய வீட்டிற்கு நாம் ஒருமுறை சென்று நலம் விசாரித்தால் போதாது. வாரத்தில் ஒரு பகற்பொழுதேனும் உறவினர் ஒருவர் அவருடன் இருந்து, அவளுக்கு ஓய்வு தர வேண்டும். அந்த முறையை வகுத்து நடத்துவது நம் சங்கத்தின் கடமை.