வியர்வை சொட்டினால் போதுமா?



கிள்ளானை அடுத்த கேரித்தீவு போன்ற தோட்டப்புறங்களில் செம்பனைக் குலை வெட்டுவோர் நனைந்த சட்டையோடு வீடு திரும்புவதைப் பார்க்கிறோம். ‘இத்தனை வேர்த்தும் உடம்பு எரிகிறதே!’ என்பார்கள். ஏன்?

நம் உடலின் வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலமஸ் அதைக் காக்கிறது. சூடு ஏறினால், தோலுக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்கிறது, வியர்வை சுரக்கிறது. ஆனால் வியர்வை சொட்டுவதால் உடல் குளிர்வதில்லை, ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் நீங்கும். நம் வட்டாரக் காற்றில் ஈரம் மிகுதி. ஆகவே வியர்வை எளிதில் காய்வதில்லை.

எனவே தாகம் எடுக்குமுன் நீர் அருந்துவோம். நிழலில், காற்றுப்பட இளைப்பாறுவோம்.

வெயிலில் உழைத்தவர் உடல் கொதிக்கப் பிதற்றினால், தள்ளாடினால், ‘குடித்திருக்கிறார்’ என்று ஒதுங்கிவிடக் கூடாது. வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் அது உயிருக்கு ஆபத்து. போர்வை போர்த்த வேண்டாம். உடனே 999-ஐ அழைத்து, நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறுவோம். மயங்கியவர் வாயில் மட்டும் நீர் ஊற்றலாகாது.

அந்தச் சில நிமிடங்களில்தான் ஒரு குடும்பத்தின் வாழ்வு இருக்கிறது.