பல்லைக் காக்கும் அரம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





முப்பது வயதில் என் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டேன். வலித்தால் பிடுங்குவதே வைத்தியம் என்று நம் தெருவில் நம்பியிருந்த காலம் அது. அண்மையில் மற்றொரு பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டபோது மருத்துவரிடம் கேட்டறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

எனாமலுக்கு அடியில் உள்ள டென்டைனே பல்லின் உடல். அதன் நடுவிலுள்ள பற்கூழ் அழுகிக் கிருமிகள் பெருகினால், வேர்க்குழாயை மெல்லிய அரத்தால் அராவி, மருந்து நீரால் கழுவி, அடைக்கிறார்கள்.

அந்த அரத்தைத் தேர்வதில்தான் நுட்பம் இருக்கிறது. 25ஆம் எண் அரத்தின் நுனி விட்டம் 0.25 மில்லிமீட்டர். வழக்கமான கை அரம், மேலே செல்லச் செல்ல, ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.02 வீதம் பருக்கிறது. பத்தாவது மில்லிமீட்டரில் 0.45 ஆகிறது. 0.06 வீதம் சீராகப் பருக்கும் அரம் அதே இடத்தில் 0.85 ஆகிவிடும். கணக்கிட்டுப் பாருங்கள், ஏறக்குறைய இருமடங்கு! குழாய் குறுகலாக இருந்தால் அந்த வேறுபாடு முழுவதும் டென்டைனிலிருந்தே செதுக்கப்படும். கழுத்துப் பகுதியில் டென்டைன் மெலிந்த பல், கிருமி நீங்கிய பின்னும் பிளந்துபோகக்கூடும். அதற்கஞ்சி மிகக் குறைவாக அராவினாலோ, மருந்து நீர் வேர் நுனியைச் சென்றடையாது, கிருமி தங்கிவிடும்.

எஃகு அரம் பருமன் கூடக்கூட விறைக்கும்; வளைந்த வேரில் நேராகச் செல்ல முற்பட்டு, ஒருபக்கச் சுவரைத் தின்றுவிடும். நன்கு வளைந்து கொடுக்கும் நிக்கல்-டைட்டானியம் அரத்தைப் பற்றிய ஆய்வு 1988இல் வெளிவந்தது. இன்று அது பரவலாகப் பயன்படுகிறது. ஆயினும், எவ்வகை அரமும் குழாய்ச் சுவர் முழுவதையும் தொடுவதில்லை. மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் தொடப்படாமல் எஞ்சுவதை 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்விடங்களில் கிருமியை அழிக்கும் பொறுப்பு சோடியம் ஹைப்போகுளோரைட் போன்ற மருந்து நீருக்கே உரியது. அதற்கு வழி திறந்து விடுவதே அரத்தின் பணி.

ஆகவே, அன்பர்களே, பல் வலித்தால் உடனே பிடுங்கச் சொல்லாதீர்கள். "இதைக் காப்பாற்ற இயலுமா? என் வேரின் அமைப்புக்கு எந்தக் கருவி பொருந்தும்?" என்று தயங்காமல் கேளுங்கள். முதல் நாளே வலி நின்றுவிட்டது, இன்னொரு நாள் கூலி ஏன் போகவேண்டும் என்று பாதியில் விட்டுவிடாதீர்கள்.

அன்று நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்றும் அறியேன். பல்லை இழந்தேன். நீங்கள் கேளுங்கள். நம் பிள்ளைகளுள் சிலர் அந்த அரத்தைக் கையில் ஏந்தும் மருத்துவர்களாகவும் வரவேண்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.